மறதி இல்லாமல் வரும் டிமென்ஷியா

டிமென்ஷியா என்றாலே மறதி என்று எண்ணிப் பழகிவிட்டதால், அத்தானுக்கு வந்த ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா எங்கள் வீட்டில் யாருக்கும் நெடுநாள் நோயாகவே தோன்றவில்லை. அப்போது அவருக்கு 54 வயது. வங்கிக் கணக்கு எண், உறவினர் பெயர், ஊருக்குப் போகும் வழி எதுவும் மறக்கவில்லை. ஆனால் பெற்ற தாயின் சாவு வீட்டில் கலங்காமல் உட்கார்ந்து இனிப்பு கேட்டார், அக்கா காய்ச்சலில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றத்தார் திமிர் என்றார்கள். முதலில் பார்த்த மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார்.

இந்நோயில் மூளையின் நெற்றிப் பகுதியும், காதருகே உள்ள பொட்டுப் பகுதியின் முன்பக்கமும் முதலில் சுருங்குகின்றன. பிறர் வலியை உணர்வதும், ஆசையை அடக்குவதும், தானாக ஒரு வேலையைத் தொடங்குவதும் அப்பகுதிகளைச் சார்ந்தவை என்பதால், நினைவு ஓரளவு நிலைத்திருக்கும்போதே ஒருவருடைய சுபாவம் மாறிவிடுகிறது. வேறு சிலருக்குப் பேச்சே முதலில் குலைகிறது. நடிகர் ப்ரூஸ் வில்லிஸுக்குப் பேச்சுக் குறைபாடு இருப்பதாக 2022இல் அறிவித்த அவருடைய குடும்பத்தினர், 2023 பிப்ரவரியில்தான் இந்நோயின் பெயரைச் சொன்னார்கள். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள், பிள்ளைகள் படித்துக்கொண்டும் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டும் இருக்கும் காலத்தில் இது வருகிறது.

அக்காவை வாட்டியது வேலைச் சுமை அன்று. இத்தனை வருடம் தன்மேல் காட்டிய அன்பெல்லாம் பொய்தானோ என்ற சந்தேகம். எம்.ஆர்.ஐ. படத்தில் சுருங்கிய இடத்தை நரம்பியல் மருத்துவர் சுட்டிக்காட்டி, பரிவு போனது இங்கேதான் என்று விளக்கிய பிறகே அக்கா அழுது தீர்த்தார். எந்த மாத்திரையையும்விட அந்த விளக்கமே எங்கள் வீட்டுக்கு மருந்தாக அமைந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனபெசில் இதற்குப் பயன்படுவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் நடத்தையைச் சற்றுத் தணிக்கலாம். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரிடம் வாதிட்டுப் பயனில்லை என்பதால், அக்கா இனிப்பை வீட்டில் வைப்பதை நிறுத்தினார், வங்கி அட்டையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார், தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நடக்க அழைத்துச் சென்றார். பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கேட்டபோது, திடகாத்திரமாக நடமாடும் நடுவயதுக்காரரைத் தங்களால் சமாளிக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். முதியோரை மட்டுமே மனத்தில் வைத்து அமைத்த ஏற்பாடுகளில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இடமில்லை என்பதே என் பெரிய வருத்தம்.

சிலருக்கு இந்நோய் பரம்பரையாக வருகிறது. காரணமான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. அத்தகைய குடும்பங்களை ஐரோப்பாவிலும் கனடாவிலும் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வுக் குழு, அறிகுறி எதிர்பார்க்கப்படும் வயதுக்கு 5 முதல் 10 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் மாற்றம் தெரிவதாக 2015இல் வெளியிட்டது. நலமாக இருக்கும்போதே ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் முன்வந்த பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இல்லையென்றால் இது தெரிந்திருக்காது. புரோகிரானுலின் என்ற புரதம் குறைவதால் நோய் வருபவர்களுக்காக உருவாக்கிய லாடோசினெமாப் மருந்து, 2025இல் வெளியான சோதனை முடிவின்படி, புரத அளவை உயர்த்தியும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. அதே குறையை மரபணு சிகிச்சையால் ஈடுசெய்யும் சோதனைகளும் நடந்துவருகின்றன.

நடுவயதில் ஒருவருடைய சுபாவம் காரணமின்றி மாறி, அது மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். உடன் வசிப்பவர் மருத்துவரிடம் தனியாகப் பேசவும் நேரம் கேளுங்கள், ஏனெனில் நோயாளி தாம் நன்றாகவே இருப்பதாகத்தான் சொல்வார்.