சட்ட மாணவர்களுக்கான தொழில்நெறி வகுப்பு: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4
இன்னும் 18 நாள். அப்புறம் மாணவர்கள் எதிரே உட்காரப்போவது நிஜக் கட்சிக்காரர், வழக்கோடு நம்மிடம் வருபவர்.

ஆகஸ்ட் 6
பெயர்ப் பதிவேட்டுப் பயிற்சி. எதிர்தரப்புக்கு நம் அலுவலகம் முன்பு வேலை பார்த்திருக்கிறதா என்று தேட வேண்டும். 30 பெயர்களில் ஒரே ஆள் மூன்று இடத்தில் இருக்கிறார்: இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், அவர் இயக்குநராக இருக்கும் கம்பெனியின் பெயரில். பாதிப் பேர் முதல் வடிவத்தை மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று டிக் அடித்தார்கள். இந்தத் தேடல் வழக்கின் கதையைக் கேட்பதற்கு முன்பே முடிய வேண்டும். கேட்ட பிறகு முரண் (எதிர்தரப்பும் நம் கட்சிக்காரர் என்பது) தெரிந்தால், வந்தவரை மட்டுமல்ல, பழைய கட்சிக்காரரையும் கைவிட நேரலாம்.

ஆகஸ்ட் 7
போன். யார் கூப்பிட்டார்கள், எப்போது திருப்பிப் பேசினோம், என்ன சொன்னோம். மூன்று கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு ஃபைலின் மேலேயும்.

ஆகஸ்ட் 11
கட்சிக்காரர்கள் நம்மிடம் கொடுத்து வைக்கும் பணம். பேங்க் ஸ்டேட்மென்டில் 61,000. ரொக்கப் புத்தகத்திலும் 61,000. ஆளுக்கொன்றாக மூன்று கட்சிக்காரர்களின் லெட்ஜர்கள்: 40,000, 25,000, மைனஸ் 4,000. கூட்டினால் அதே 61,000.

'டேலி ஆயிடுச்சு' என்று தாளை மூடிவிட்டார்கள்.

அந்த மைனஸ் என்ன? மூன்றாமவர் கொடுத்த செக் பாஸ் ஆவதற்குள் அவருக்காகக் கோர்ட் கட்டணம் கட்டியாயிற்று. செக் திரும்பிவிட்டது. கட்டிய 4,000 மற்ற இருவரின் காசு. யாரும் திருட நினைக்கவில்லை, ஆனாலும் எடுத்தாகிவிட்டது. மாதாமாதம் மூன்று மொத்தங்களையும் ஒப்பிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு லெட்ஜரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 12
விதியைக் கேட்டால் எண்ணோடு ஒப்பிக்கிறார்கள். மைனஸ் மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

ஆகஸ்ட் 14
மூட் கோர்ட், அதாவது மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம். தங்களுக்கு எதிரான முன்தீர்ப்பை ஒளித்த அணிக்கு, வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மதிப்பெண் குறையும். 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மூலத் தீர்ப்பை எடுத்துப் படிக்கப் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இனி ஒவ்வொரு மேற்கோளுக்குப் பக்கத்திலும் படித்தவர் கையெழுத்து.

ஆகஸ்ட் 19
கட்சிக்காரரோடு போடும் ஒப்பந்தக் கடிதத்தில் செய்யப்போகிற வேலையை எல்லோரும் அழகாக எழுதுகிறார்கள். செய்யப்போகாததை எழுத மறக்கிறார்கள். 'மேல்முறையீடு இதில் சேராது' என்ற ஒரு வரி இல்லாவிட்டால், கெடு தேதி தாண்டிய பிறகு யார் பொறுப்பு என்ற சண்டைதான் மிஞ்சும்.

ஆகஸ்ட் 21
நாளை. 12 ஃபைல்களையும் புரட்டிப் பார்த்தாயிற்று. மூன்றில் போன் தாளின் நடுக்கட்டம் காலி. அடித்தும் எடுக்கவில்லை என்றால் அதையும் தேதி போட்டு எழுத வேண்டும். காலையில் கட்சிக்காரர் வந்து உட்காருவதற்குள் அந்த மூன்று பேருக்கும் திருப்பிப் பேசிவிட வேண்டும்.