இல்லாத நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3

நான்கு மாதங்களாக எழுதிவரும் நாவலில் நாடு இருக்கிறது, நாட்டுக்குக் கொடி இருக்கிறது, விடுதலைப் போராட்டம் முடிந்து முதல் குடியரசுத் தலைவர் பதவியேற்றும் விட்டார். ஆனால் மறுநாள் காலையில் அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியவில்லை. சிறையிலும் தலைமறைவிலும் பாதி வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு மேசை, மணி, கோப்பு ஆகியவற்றில் எது முதலில் அந்நியமாகப்படும்? இன்று எழுதிய இரண்டு பக்கங்களிலும் அவர் மாடத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருக்கிறார். கை வலிக்காதா என்று எனக்கே தோன்றியது.

அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் அதன் ஒலியோடு ஏதாவது ஓர் உண்மை நாட்டின் சாயலும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 5

கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். 1950இல் பிரிட்டிஷ் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தபோது, பென்சில் துண்டு ஒன்றைக் கொண்டு கழிப்பறைத் தாளில் கட்சிக்கான குறிப்புகளை எழுதி வெளியே அனுப்பினார். 1951 பிப்ரவரித் தேர்தலில், சிறைக்குள் இருந்தபடியே அக்ரா மத்தியத் தொகுதியில் 23,122 வாக்குகளில் 22,780 பெற்று, ஜேம்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து ஆட்சிப் பொறுப்புக்குப் போனார். இதுவரை படிக்கிற எவரும் கைதட்டவே செய்வார்கள். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே, விசாரணை இல்லாமல் ஒருவரை ஐந்தாண்டு வரை அடைத்துவைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டம் வந்தது.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்தச் சட்டம்கூட இல்லை. 1948இல் அக்ராவில் மூண்ட கலவரத்துக்குப் பின் பிரிட்டிஷார் ஆறு தலைவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் நிக்ரூமா. மற்ற ஐவரில் டான்குவா, ஒபெட்செபி-லாம்ப்டே, அகோ-அட்ஜெய் ஆகிய மூவரும் பிற்காலத்தில் நிக்ரூமாவின் ஆட்சியிலேயே காவலில் வைக்கப்பட்டார்கள். லாம்ப்டே 1963இலும் டான்குவா 1965 பிப்ரவரியிலும் காவலில் இருந்தபடியே இறந்தார்கள். அகோ-அட்ஜெய்க்குக் குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்னபோது பதவியிழந்தவர் தலைமை நீதிபதிதான். அகோ-அட்ஜெய் வெளியே வந்தது 1966இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு. 2007இல் வெளியான கானாவின் பண நோட்டுகளில் இந்த ஆறு பேரின் முகங்களும் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்துவிடுவார்கள்.

ஜூன் 6

கையசைக்கும் இரண்டு பக்கங்களை நீக்கினேன்.

ஜூன் 9

அதிகாரம் மனிதனைக் கெடுத்துவிடும் என்று நண்பர் ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயை எங்கே வைப்பது? 1985இல் தாமாகவே பதவியை விட்டிறங்கிச் சொந்த ஊரான புட்டியாமாவுக்குப் போய்ச் சேர்ந்த மனிதர் அவர். அவருடைய ஆட்சியும் 1962இலேயே தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியிருந்தது. எனவே என் தலைவரைக் கொடுங்கோலராக ஆக்கித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் நல்லவராகவே இருக்க வேண்டும். அந்தச் சட்டத்திலும் கையெழுத்திட வேண்டும். புது நாடு பலவீனமானது, எல்லையில் எதிரி இருக்கிறான், அவசரம் என்று அமைச்சர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். அந்தப் பாதியை நேர்மையாக எழுதாவிட்டால் மீதிப் பாதிக்கு மதிப்பில்லை.

ஜூன் 12

இந்தோனேசியாவின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவும் முதல் பிரதமர் சுதன் சஜாரிரும். 1948 டிசம்பரில் டச்சுப் படை இருவரையும் பிடித்தது. பின்னர் தோபா ஏரிக்கரையில் உள்ள பரபத்தில் ஒரே வீட்டில் காவலில் வைத்தது. குளியலறையில் சுகர்ணோ உரக்கப் பாட, வாயை மூடும்படி சஜாரிர் டச்சு மொழியில் கத்தினார் என்று ஒரு கதை உண்டு. ஒரே கூரையின் கீழ் அடைபட்டவர்களின் எரிச்சல் அது, கொள்கையெல்லாம் பிறகுதான். 1962இல் சுகர்ணோவின் ஆட்சி சஜாரிரை விசாரணையின்றிச் சிறையிலிட்டது. நோயாளியாகிச் சிகிச்சைக்குப் போன இடத்தில், 1966 ஏப்ரல் 9 அன்று சூரிச்சில் அவர் இறந்தார். அதே நாளில் அவரைத் தேசிய வீரராக அறிவித்து ஆணையிட்டவரும் சுகர்ணோவே. நான்கு ஆண்டுகள் கழித்துச் சுகர்ணோவும் வீட்டுக்காவலில்தான் இறந்தார்.

அந்தக் குளியலறைப் பாட்டு எனக்கு வேண்டும். அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. என் ஆட்களுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும்.

ஜூன் 16

கிடைத்துவிட்டது. பழைய சிறையறையில் தலைவரோடு அடைபட்டிருந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத துறைமுகத் தொழிலாளி. விரல்நீளப் பென்சிலால், சிகரெட் அட்டையின் உட்புறத்தில், தலைவர்தான் அவருக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். ஓர் எழுத்து மட்டும் அவருக்கு மாதக்கணக்கில் வசப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அதை விட்டுவிட்டு எழுதுவார், தலைவர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி, தடுத்துவைக்க வேண்டியவர்களின் பட்டியல் தலைவரின் மேசைக்கு வருகிறது. முப்பத்தொரு பெயர்கள். பதினெட்டாவது பெயரில் தட்டச்சர் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்.

தலைவர் பேனாவை எடுத்து, விடுபட்ட எழுத்தைப் பெயருக்கு மேலே நிதானமாக எழுதிச் சேர்க்கிறார். பிறகு தாளின் அடியில் கையெழுத்திடுகிறார்.

அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை முதலில் முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். மாலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது, முழுவதையும் எடுத்துவிட்டேன். கோப்பைக் கட்டி எடுத்துச் செல்லும் உதவியாளர், பிழை திருத்தப்பட்டதைப் பார்த்து, தட்டச்சரைக் கண்டிப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பதோடு அத்தியாயம் நிற்கிறது.

ஜூன் 17

தலைவர் பெயரில்லாமலே இருந்துவிடலாம். இனி பெயர் வேண்டியது துறைமுகத் தொழிலாளிக்கு. ஓர் எழுத்து குறைந்தாலும் வேறொருவரின் பெயர்போல் வாசிக்கக்கூடிய பெயராக அது இருக்க வேண்டும். காலையிலிருந்து தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.