தாத்தா வீட்டுக் கடல்

மே 17, சனி

ஒரு வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தோம். காலையில் கோவையில் ஏறிய ஜன் சதாப்தி மயிலாடுதுறையில் இறக்கிவிட்டபோது மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கிருந்து பஸ். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெரியவன் எழுந்து நின்று "கடல் வந்துருச்சா?" என்று கேட்க, கடைசியில் கண்டக்டரே, "தம்பி, கடல் எங்கயும் போயிடாது, உக்காரு" என்றார். சின்னவள் என் மடியில் வியர்க்க வியர்க்கத் தூக்கம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் இரண்டு பிள்ளைகளும் மூன்று பைகளும் என் பொறுப்பு.

அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கை கால் கழுவுவதற்கு முன்பே சட்டதிட்டங்கள் ஆரம்பம்.

"கடலுக்கு நாளைக்குக் காலையில. என்கூட மட்டும்தான். தண்ணி முட்டிக்கு மேல ஏறக் கூடாது."

பெரியவன் பையிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்துக் காட்டினான். போன வருடம் முழுக்க நீச்சல் வகுப்பு போனவன். "எனக்கு நீச்சல் தெரியும் தாத்தா. இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் போவேன்."

"எங்க?"

"ஸ்விம்மிங் பூல்ல."

"அது தொட்டிடா ராசா."

பயல் முகம் தொங்கிப் போய்விட்டது. கல்யாணமான புதிதில் அவன் அப்பாவுக்கும் இதே திகைப்புதான். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலில் குளித்துப் பழக்கமில்லையா என்றார். எங்கள் தெருவில் யாருக்குமே கிடையாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முழுக்குப் போடுவோம், அதுவும் கரையோரமாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. மீனவர்களுக்குக் கடல் தொழில் செய்கிற இடம். விளையாட என்று அதில் இறங்குவது வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான்.

மே 18, ஞாயிறு

ஐந்தரைக்கே கிளப்பிவிட்டார். கோட்டைக்கு முன்னால் போகாமல், கொஞ்சம் தள்ளி, கருங்கல் கொட்டாத மணல் பக்கமாகக் கூட்டிப்போனார்.

அம்மாவும் வந்தாள். ஆனால் அலைப் பக்கம் இறங்கவில்லை. மேட்டில், மணல் காய்ந்து கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் எல்லோருடைய செருப்பையும் வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்கு அம்மாச்சி பையில போடுறீங்க?" என்று சின்னவள் கேட்டாள். "ஓடணும்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தேடக் கூடாதுல்ல தங்கம்." சாதாரணமாகத்தான் சொன்னாள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா இங்கே இருந்தாள், பொறையாறு வரைக்கும் வெறுங்காலோடு ஓடினாள். அதற்கப்புறம் கடற்கரைக்கு வந்தால் இந்தப் பை இல்லாமல் வருவதில்லை.

பெரியவன் முட்டி அளவில் நின்று, அலை வரும்போதெல்லாம் இன்னும் ஒரு அடி முன்னே போய், தாத்தா கனைத்ததும் பின்வாங்கினான். சின்னவளுக்கு அலையே வேண்டாம். நண்டு வளை பார்த்துவிட்டாள். வளையைச் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் ஈர மணல் விசிறிக் கிடக்கும், கவனித்திருக்கிறீர்களா? அசையாமல் உட்கார்ந்திருந்தால் முதலில் இரண்டு கண்கள் மட்டும் மேலே நீளும். அப்புறம் ஒரு கை மணலை அணைத்தபடி நண்டு பக்கவாட்டில் வெளியே வந்து, அதை வீசிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடும். நாலு வயதுப் பிள்ளை இருபது நிமிடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மே 19, திங்கள்

மீன் குழம்பு என்று ஆசையாக வந்தால் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் நிறுத்திவைக்கிறார்கள். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள் ஆக்கிவிட்டார்கள். நம் பக்கம் முடியும்போது மேற்குக் கடற்கரையில் தடை நடந்துகொண்டிருக்கும். அதனால் இப்போது கேரளத்து மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வருகிறது. அம்மா அதைத் தொடமாட்டாள். சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அவர்கள் கொண்டுவருவதைத்தான் மீன்காரம்மா அன்னக்கூடையில் வைத்துத் தெருவுக்கு எடுத்து வருகிறார்.

இன்று வந்தது சங்கரா. விலையைக் கேட்டு அம்மா எழுந்து உள்ளே போவது போலப் போனாள். மீன்காரம்மா கூடையைத் தூக்குவது போலத் தூக்கினார். இரண்டு பேருமே போகவில்லை. மாங்காய் போட்டுக் குழம்பு. பெரியவன் மூன்று முறை சோறு வாங்கினான். கோவையில் இதே பிள்ளைக்கு மீன் என்றால் நாற்றம்.

பெரிய படகு பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு அப்பா சாயங்காலம் கூட்டிப்போனார். எல்லாம் கட்டிக் கிடக்கிறது. பெயின்ட் அடிக்கிறார்கள், இஞ்சினைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், நிழலில் வலை பொத்துகிறார்கள். "எப்ப போகும்?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மே 20, செவ்வாய்

திருக்கடையூர் போய் வந்தோம். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம். அதனால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் ஊர் உலகமே இங்கேதான் வருகிறது. கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தாவும் பாட்டியும்.

சின்னவள் சத்தமாக, "அம்மாச்சி, இவங்க எல்லாம் ஏன் இவ்வளவு லேட்டா கல்யாணம் பண்ணிக்கிறாங்க?"

பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்ற ஒரு அம்மா சிரித்த சிரிப்பில் தலையில் வைத்திருந்த அட்சதை எல்லாம் உதிர்ந்தது. அப்பா மட்டும் விறைப்பாக நின்றார். அவருக்கு எழுபது முடிந்துவிட்டது. அறுபதுக்கு இங்கே வந்து செய்யலாம் என்று அம்மா சொன்னபோது வீண் செலவு என்று தட்டிக்கழித்தவர். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "எண்பதுக்காவது பாப்போம்" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை.

மே 21, புதன்

அக்னி நட்சத்திரம், கரண்ட் வேறு இல்லை. வெளியே தலை காட்ட முடியவில்லை. அப்பா நுங்கு வாங்கி வந்தார். தின்று முடித்த நுங்குக் கூந்தல் இரண்டை எடுத்து நடுவில் குச்சியைச் செருகி, கவைக் கம்பு வைத்துத் தள்ளும் வண்டி செய்து கொடுத்தார். தெரு முழுக்க ஓட்டம். சின்னவளுக்கு வேர்க்குரு.

பெரியவன் கிணற்றடி சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நீச்சல் கண்ணாடி மாட்டி முங்கிக்கொண்டிருந்தான். அம்மா திட்டப் போனாள். "தொட்டிதானே, முங்கட்டும்" என்றார் அப்பா.

மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் அவருடைய வழக்கமான பாட்டு: தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் இருக்கிறது, உடம்புக்கு அவ்வளவு நல்லது. நான் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஓசோன் மேலே வானத்தில் இருந்தால்தான் நல்லது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல் என்றேன். கடல் வாசனை என்று நாம் முகர்வதில் பெரும் பங்கு டைமெத்தில் சல்பைடு, கடலில் இருக்கிற நுண்ணிய பாசி வகைகளால் உண்டாவது. "அது என்னவோ இருக்கட்டும்மா, எனக்கு இதுவரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டா?" என்று கேட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை.

மே 22, வியாழன்

இன்றைக்குப் பெரியவன் பிடிவாதம் உச்சத்துக்குப் போனது. கடற்கரைக்குப் போன உடனே, "இங்க அலை பெருசா இருக்கு, அதான் விடமாட்டேங்கறீங்க. அதோ, அங்க அலையே இல்ல. அங்க நீந்தறேன்" என்று கை காட்டினான். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் சும்மா கிடந்தது. எனக்கே பார்த்தால் இறங்கலாம் என்றுதான் தோன்றும்.

அப்பா கோபப்படவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த தேங்காய் மட்டைகளைப் பொறுக்கச் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் ஓடிப் பொறுக்கி வந்தார்கள்.

முதல் மட்டையை நுரைக்கிற அலைக்குள் எறிந்தார். புரண்டது, முங்கியது, அடுத்த அலையில் உருண்டு அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. இன்னொன்றைப் பெரியவனை விட்டு எறியச் சொன்னார். அதுவும் திரும்பியது.

அடுத்ததை அந்த அமைதியான இடத்தில் எறிந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. பெரியவன், "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றான். அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் மட்டை நகர ஆரம்பித்தது. கரைப் பக்கம் இல்லை, நேராக வெளியே. யாரோ நூல் கட்டி இழுப்பது போல ஒரே சீராகப் போனது. அலை உடையும் வரிசையைத் தாண்டி, கறுப்புப் புள்ளியாகி, அப்புறம் கண்ணுக்கே படவில்லை.

"இதுக்குப் பேர்தான் இழுப்பு" என்றார் அப்பா. அலைகள் கரைக்குத் தள்ளிக் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக ஓடும். பள்ளத்தில் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். மணலை வாரிக்கொண்டு போவதால் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகவும் தெரியும். இன்றைக்கு இங்கே இருப்பது நாளைக்கு நாலு வீடு தள்ளி இருக்கும்.

"மாட்டிக்கிட்டா?" என்று கேட்டான் பெரியவன். குரல் இறங்கியிருந்தது.

"கரையைப் பாத்து நீந்தினா தோத்துருவ. எப்பேர்ப்பட்ட ஆளும் தோத்துருவான். கரைக்கு இணையா, பக்கவாட்டுல போகணும். இழுப்பை விட்டு வெளிய வந்தாச்சுன்னா அலையே கொண்டாந்து விட்டுரும், மட்டையைக் கொண்டாந்துச்சு பாரு, அப்படி."

இவ்வளவு வருடம் இந்த மனிதரோடு இதே கரையில் நடந்திருக்கிறேன். எனக்கு அவர் சொன்னதெல்லாம் "போகாதே" மட்டும்தான். பேரன் கேட்டால் செயல்முறை விளக்கம்! கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு நீச்சக் கண்ணாடி வாங்கிக் குடுத்து யாரு அனுப்புனா?" என்றாள்.

மே 23, வெள்ளி

விடிந்ததும் பெரியவன் தானாகவே மட்டை பொறுக்கினான். இழுப்பு நேற்றைய இடத்தில் இல்லை, வடக்கே தள்ளிப் போயிருந்தது. தாத்தா சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான். முட்டி அளவுத் தண்ணீரில் இன்று சண்டை இல்லாமல் நின்றான்.

அப்புறம் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்ட ஆரம்பித்தது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது பீரங்கி மட்டும். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில் கோட்டையை விடப் பழையது, 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இந்த ஊரில்தான். அச்சுக்குக் காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் காகிதம் செய்யவே பட்டறை போட்டார்கள், இன்னும் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இந்தக் கதை மீது தனிப் பிரியம். அதை விடப் பிரியம், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயில் மேல். 1986-இல் நிறுத்திவிட்டார்கள். தபால் பைக்காகத் தினமும் ஸ்டேஷனில் நின்றதைச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். இன்று ஆறிவிட்டது.

மே 25, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். அம்மா கொடுத்துவிட்டது: மாங்காய் ஊறுகாய், முறுக்கு, தேங்காய் ஆறு, நெத்திலிக் கருவாடு. கருவாட்டை நியூஸ் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை டப்பாவில் வைத்து, டப்பாவுக்கு டேப் ஒட்டி, "ஈ கூடக் கண்டுபிடிக்காது" என்று உத்தரவாதம் தந்தாள்.

கும்பகோணம் தாண்டவில்லை, எதிர் சீட்டுப் பெரியவர் செய்தித்தாளை இறக்கினார். "நெத்திலியா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் எந்த ஊரில் வாங்கியது, என்ன விலை என்று விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் பெரியவன் முந்திக்கொண்டான்.

"தரங்கம்பாடி. ஆனா இப்பப் போகாதீங்க தாத்தா, தடைக்காலம். ஜூன் 15க்கு மேல போங்க, பெரிய போட்டு எல்லாம் அப்பதான் போகும்."