குமாரசுவாமியும் ஜோன் கேஜின் பியானோவும்

எங்கள் காலத்தில் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலுமாரியில் கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள் இருந்தன. சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர், 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனவர் என்ற அளவில் பலருக்கும் அவரைத் தெரியும். அமெரிக்காவின் புதுமை இசைக்காரர் ஜோன் கேஜ் அந்த எழுத்தை ஆழ்ந்து படித்து, அதன் வழியில் ஒரு பெரும் படைப்பைச் செய்தார் என்பதை நம்மவர் பேசிக் கேட்டதில்லை. அதனால் இதை மலருக்கு எழுதுகிறேன்.

1940 வாக்கில் கேஜ் சியாட்டில் கோர்னிஷ் பாடசாலையில் நடன வகுப்புகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்குத் தாளவாத்திய இசை தேவைப்பட்டது. மேடையோரத்திலோ ஒரு பியானோவுக்கு மட்டுமே இடம். பியானோவையே தாளவாத்தியம் போல ஒலிக்கச் செய்ய நினைத்து, முதலில் அதன் கம்பிகளின் மேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தார். அதிர்வில் அது துள்ளி இடம் மாறியது. ஆணி வழுக்கியது. திருகாணியைக் கம்பிகளுக்கு நடுவே செருகியபோதுதான் அதன் புரி கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றது.

1946இல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் நியூயோர்க் வந்தார். மேற்கத்திய இசையை அவர் கேஜிடம் கற்றார். இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். அந்த ஆண்டு தொடங்கி 1948இல் முடிந்ததுதான், இப்படிப் பொருள் செருகிய பியானோவுக்கான ‘சொனாட்டாக்களும் இடைப்பகுதிகளும்’: சொனாட்டா என்னும் வாத்திய இசைத்துண்டுகள் 16, இடைப்பகுதிகள் 4, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். குமாரசுவாமியின் நூல்களில் படித்த எட்டு ரசங்களையும் (கலை எழுப்பும் உணர்வுநிலைகள்), அவையெல்லாம் சென்று சேரும் சாந்தத்தையும் இதில் கொண்டுவர முயன்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்று தொல்காப்பிய மெய்ப்பாடுகளை மனனம் செய்தவர்களுக்கு இந்த எட்டு புதிதல்ல. எந்தப் பகுதி எந்த ரசம் என்று கேஜ் குறிக்கவில்லை. அது நல்லதென்றே நினைக்கிறேன்.

இதைக் குறும்பு விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் அதற்கான ஆயத்தத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 45 சுரங்களுக்குப் பொருள் வைக்க வேண்டும். பெரும்பாலும் திருகாணியும் போல்ட்டும். கூடவே றப்பர், பிளாஸ்டிக் துண்டுகள், சில நட்டுகள், ஓர் அழிறப்பர். இரண்டு மூன்று மணி நேர வேலை. இசைத்தாளின் முன்பக்க அட்டவணையில் ஒவ்வொரு சுரத்துக்கும் என்ன பொருள், எந்த இரு கம்பிகளுக்கிடையே, கம்பியின் அதிர்வை நிறுத்தும் அதிர்வடக்கியிலிருந்து எத்தனை அங்குலம் என்று பின்னக் கணக்கில் எழுதியிருக்கும். தம்புராவின் குதிரையில் நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதம் போய்விடுவது போலத்தான் இதுவும். கம்பியின் சரிபாதி, மூன்றிலொன்று போன்ற புள்ளிகளில் திருகாணி விழுந்தால் தெளிவான மேற்சுரம் ஒன்று எழும். சற்று விலகினால் சேமக்கலம் போன்ற கலப்பொலி வரும். றப்பர் வைத்தால் நாதம் அடங்கி, தட்டொலி மட்டும் மிஞ்சும்.

வேலை தொடங்குமுன் வலது மிதியை அழுத்தி அதிர்வடக்கிகளைத் தூக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கம்பிகளை விரிக்கும்போது அவை கோணிவிடும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பினால் கம்பிகளை மெல்ல அகற்றி, பொருளை வைத்து, ஆப்பை எடுக்க வேண்டும். திருகாணி மெல்லியதாக இருந்தால் வாசிக்கும்போது நழுவி ஒலிப்பலகையில் விழுந்து இரையும். தடித்ததாக இருந்தால் கம்பி இழுபட்டுச் சுருதி குலையும். செம்பு சுற்றிய கீழ்ச்சுரக் கம்பிகளில் புரி சுற்றைக் கிழித்துவிடும். அங்கே றப்பர் போன்ற மென்மையான பொருள்தான் பாதுகாப்பு. திருகாணியின் நுனி ஒலிப்பலகையைத் தொடவே கூடாது.

இடது மிதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிராண்ட் பியானோவில் அதை அழுத்தினால் சுத்தியல்கள் வலப்பக்கம் நகர்ந்து, ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பிகளில் இடதுகம்பியை விட்டுவிடும். திருகாணி இரண்டாம், மூன்றாம் கம்பிகளுக்கிடையே இருந்தால், மிதிக்காதபோது இயல்பான சுரமும் மாறிய ஒலியும் சேர்ந்து கேட்கும்; மிதித்தால் மாறியது மட்டும். ஒரே கட்டைக்கு இரண்டு குரல்! நிமிர்ந்த பியானோவில் இது நடக்காது. அங்கே இடது மிதி சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி. கம்பிகள் செங்குத்தாக இருப்பதால் பொருள்களும் எளிதில் விழும்.

அளவுகளை அப்படியே வைத்தாலும் வேறு நீளமுள்ள பியானோவில் வேறு ஒலிதான் வரும். கம்பியின் நீளம் மாற, அந்தப் புள்ளியும் மாறுகிறது. சில வகைகளில் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பம் சரியாக அந்த இடத்திலேயே நிற்கும். அப்போது காதை நம்பி நகர்த்துவதே வழி.

1949 ஜனவரியில் மாரோ அஜெமியன் நியூயோர்க் கார்னகி சிற்றரங்கில் இதை முழுவதும் வாசித்தார். அவருக்கே கேஜ் இதைச் சமர்ப்பித்திருந்தார்.

நம் சங்க இசைவிழாவில் யாரும் முயல்வதானால், முதலில் பியானோவின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். கழற்றும்போதும் மிதியை அழுத்தியபடி ஆப்பினால் விரித்தே எடுங்கள். திருகாணியைச் சுழற்றி இழுத்தால் கம்பி தேயும். விரல்வியர்வை துருவை வரவழைக்கும் என்பதால், தொட்ட கம்பிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். எடுத்தவற்றை அட்டவணையோடு ஒப்பிட்டு எண்ணிவிட்டுச் சுருதி சேர்ப்பவரை அழையுங்கள்.