ஷிப்ட் வேலையும் சங்கீத வரிசையும்

ஜெபத்தைப் பற்றி நம் சபைகளில் கிடைக்கிற ஆலோசனைகளில் முக்கால்வாசி, இரவில் படுத்துக் காலையில் எழுந்திருக்கிறவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. விடியுமுன் எழு, முழங்காலில் நில், வேதத்தைத் திற, அப்புறம் போனைத் தொடு. நல்ல ஆலோசனைதான். இயேசுவே "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஏழுக்கு ஏழு ஷிப்ட் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதிகாலை என்பது ஒரு வாரம் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம், அடுத்த வாரம் கண் எரிய எரிய மெஷின் முன்னால் நிற்கிற நேரம். பினாங்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் இப்படித்தான் இருக்கிறார். அவர்களில் பலர், "நமக்கெல்லாம் ஜெப வாழ்க்கை ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மணியை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை, ஒரு நாளைக்கு ஒன்று. நாள் என்றால் காலண்டர் நாள் இல்லை, ஒரு தூக்கத்திலிருந்து அடுத்த தூக்கம் வரைக்கும் ஒரு நாள். தூங்கி எழுந்தது காலை ஆறு மணியோ மாலை நாலு மணியோ, எழுந்த பிறகு அடுத்த சங்கீதம். ஆதியாகமத்தில் முதலில் சாயங்காலம், பிறகுதான் விடியற்காலம், இரண்டும் சேர்ந்து முதலாம் நாள் என்று எழுதியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். யூதர்கள் இன்றைக்கும் ஓய்வுநாளை வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதுதான் தொடங்குகிறார்கள். இருட்டில் தொடங்குகிற நாளும் கர்த்தருடைய நாள்தான்.

ஒரு நாள் முடியாமல் போனால் அதை ஈடுகட்ட அடுத்த நாள் இரண்டு படிக்க வேண்டாம். விட்ட இடத்தில் அந்தச் சங்கீதம் இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். தேதி போட்ட தியான அட்டவணைகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான், மூன்று நாள் விட்டதும் கடன்காரர் மாதிரி ஆகிவிடுகிறோம், நாலாவது நாள் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

சரி, எப்படி ஜெபிப்பது? நான் பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில் இருக்கிற பிறை என்ற ஊரிலிருந்து கிலாங் பஸ்ஸில் வருகிறேன். பாலத்தில் நெரிசல் இருந்தால் நேரம் நிறையக் கிடைக்கும், அந்த நெரிசலுக்கு நன்றி சொல்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். போனில் அன்றைய சங்கீதத்தைத் திறந்து முதலில் ஒரு முறை சும்மா வாசிப்பேன். இரண்டாவது முறை மெதுவாக, ஏதாவது ஒரு வரி இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. பிடித்தால் அங்கேயே நின்றுவிடுவேன், மிச்சத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. அந்த வரியை அப்படியே கர்த்தரிடம் திருப்பிச் சொல்லி அதிலிருந்து பேச ஆரம்பிப்பேன். அப்புறம் போனை அணைத்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம். இது நான் கண்டுபிடித்தது இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நாலு படியாக எழுதி வைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, அவருடைய பிரசன்னத்தில் அமர்ந்திருப்பது. மடத்தில் இருந்தவர் எழுதியது கிலாங் பஸ்ஸிலும் வேலை செய்கிறது.

பக்கத்து சீட்டில் இருப்பவர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். வாய்விட்டுச் சொல்ல முடியாதே என்ற கவலை வேண்டாம். சாமுவேலின் தாய் அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். கர்த்தருக்குக் கேட்டது.

அன்னாளை நான் இன்னும் அதிகமாக நினைப்பது கிளீன்ரூமுக்குள், அதாவது சிப் செய்கிற தூசில்லாத அறைக்குள் போகும்போது. அங்கே போன் கூடாது, சாதாரணக் காகிதமும் கூடாது, அதிலிருந்து உதிர்கிற நுண்ணிய தூசு சிப்பில் போய் உட்கார்ந்துவிடும். முடிக்கு ஹூட், வாய்க்கு மாஸ்க், உடம்பு முழுக்க வெள்ளை உடை, கடைசியில் கையுறை. ஏர் ஷவர் கதவு மூடி நாலு பக்கமும் காற்று அடிக்கிற அந்தச் சில விநாடிகளில், பஸ்ஸில் பிடித்த வரியை ஒரு முறை சொல்லிவிட்டு உள்ளே போவேன். உள்ளே கொண்டுபோக முடிந்தது அது ஒன்றுதான். அதனால் வரி சின்னதாக இருக்க வேண்டும். "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்" என்ற 3ஆம் சங்கீத வரி மெஷின் ஓட்டத்துக்கே தோதாக இருக்கும். 56ஆம் சங்கீதத்தில் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வருகிறது, துருத்தி என்றால் இங்கே தோல்பை. அது வந்த நாளில் வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை. மாஸ்க்குக்குள் உதடு அசைவது யாருக்கும் தெரியாது.

நைட் ஷிப்டுக்கென்றே எழுதினது போன்ற சங்கீதங்கள் இருக்கின்றன என்பது வரிசையாகப் போனதால்தான் எனக்குத் தெரிந்தது. 134ஆம் சங்கீதம் மூன்றே வசனம்: "இதோ, இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே, நீங்களெல்லாரும் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள்." ஆலயத்திலும் நைட் ஷிப்ட் இருந்திருக்கிறது பாருங்கள். 130இல் விடியலுக்காகக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட அதிகமாக என் ஆத்துமா காத்திருக்கிறது என்று வருகிறது. காலை நாலு மணிக்கு மேல் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிக்கு விளக்கமே வேண்டாம். 127இல் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்". பகலில் திரையை இழுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே தூக்கத்துக்காகப் புரளும்போது நான் சொல்வது இதைத்தான். இந்த மூன்றுமே 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்களைச் சேர்ந்தவை, எருசலேமுக்குத் திருவிழாவுக்கு ஏறிப் போனவர்கள் வழியில் பாடியவை என்பது பலருடைய கருத்து. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும். பெரும்பாலும் குட்டிக் குட்டியானவை, பயணத்துக்கு ஏற்றவை. 121 வருகிற நாளில் பஸ் பாலத்தில் ஏறியதும் எதிரே கொடிமலை தெரிந்தால், பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிறேன் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிடலாம்.

இனி கொஞ்சம் கடினமான பகுதி. வரிசையாகப் போனால் பிடித்தது பிடிக்காதது எல்லாம் வரும். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையிலும், காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற இன்றைய வசனத்திலும் பெரும்பாலும் ஆசீர்வாதம், உயர்வு, தலையாக்குவேன் வாலாக்கமாட்டேன் என்றுதான் வரும். எங்கள் வீட்டுச் சுவரிலும் அம்மா ஒட்டிய அட்டை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அட்டைகளில் 88ஆம் சங்கீதத்தின் முறையீடு வந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் வழக்கமாக வருகிற "ஆனாலும் உம்மை நம்புவேன்" கூட அதில் இல்லை. 13ஆம் சங்கீதமோ "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே ஆரம்பிக்கிறது. சங்கீதப் புத்தகத்தில் பெரும் பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். தேவனிடம் இப்படிப் பேசலாம் என்று தேவனே தன் வேதத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நாம் வாக்குத்தத்தத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டால், துக்கம் வரும்போது ஜெபிக்க வார்த்தையே இல்லாமல் நிற்போம். சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, "ஏன் என்னைக் கைவிட்டீர்". கடைசி மூச்சில் சொன்னது 31ஆம் சங்கீதத்தில் இருந்து, "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்". அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிய சங்கீதங்கள்.

"நான் இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன், 88ஐ எப்படி ஜெபிப்பது?" என்று என் தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. வேறொருவருக்காக ஜெபி என்றேன். என் லைனில் நேப்பாளத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய அப்பா ஊரில் இறந்தபோது அவளால் போக முடியவில்லை. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி மெஷினுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு நான் எங்கேயோ துதிச் சங்கீதங்களில் இருந்தேன், ஆனால் அடுத்த சுற்றில் 88 வந்தபோது அது முழுக்க அவளுடைய சங்கீதமாக இருந்தது. எனக்குத் துக்கம் இல்லாத நாளில் வருகிற முறையீடு, யாருக்குத் துக்கம் என்று சுற்றிப் பார்க்க வைக்கிறது. பரிந்துபேசும் ஜெபத்துக்குப் பெயர்ப் பட்டியல் போடுவதைவிட இது எனக்கு உதவுகிறது.

109, 137 மாதிரியான சாபச் சங்கீதங்களைத் தாண்டிப் போய்விடலாமா என்றால், நான் தாண்டுவதில்லை. ஏமாற்றப்பட்டவர்கள், ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்கள், இவர்களுடைய கோபத்தை வேறு எங்கே கொண்டுபோவது? பழிவாங்குவதைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டு, கோபத்தை அவர் முன் கொட்டுகிற இடமாகத்தான் அவற்றை வாசிக்கிறேன். என் சொந்தப் பகைக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை. நம் எதிரிகளுக்காக ஜெபிக்கச் சொன்னவர் இருக்கிறாரே, அவரை மறந்து இந்தச் சங்கீதங்களை ஜெபிக்க முடியாது.

வேறு வேகங்களும் உண்டு. ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெபப் புத்தகம் நூற்றைம்பதையும் காலை மாலை என்று பிரித்து முப்பது நாளில் முடிக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு ஒரே வாரத்தில் முடிக்கச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஆகாது, துறவிகளைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம்.

119 வரும்போது மட்டும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். 176 வசனம், எட்டெட்டு வசனமாக 22 பகுதி, எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். அப்படிக் கணக்குப் போட்டால் மொத்தம் 171 நாள், விட்டுப்போன நாட்களையும் சேர்த்துத் தாராளமாக வருடத்துக்கு இரண்டு சுற்று. 119இல் "பாதிராத்திரியில் எழுந்திருப்பேன்" என்றும் இருக்கிறது, "ஒருநாளில் ஏழுதரம்" துதிப்பதும் இருக்கிறது, விடியுமுன் கூப்பிடுவதும் இருக்கிறது, எந்த ஷிப்டில் இருந்தாலும் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தும். இந்த மாதம் நைட் ஷிப்டில் இருப்பவர்கள் வேண்டுமானால் ஒன்றிலிருந்து தொடங்காமல் 120இலிருந்து தொடங்குங்கள், அந்தப் பதினைந்தையும் முடித்துவிட்டு 135க்குப் போகலாம், ஒன்றாம் சங்கீதம் அடுத்த சுற்றில் வரட்டும்.