வயிறு மெத்தென்றுதான் இருந்தது

அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்த மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "வயிறு மெத்தெண்டுதான் இருக்கு, இறுக்கமில்லை." அழுத்தும்போது அவர் கூடுதலாகக் கத்தவுமில்லை. ஆனால் யாரும் தொடாதபோதே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சுவரை மடித்து முனகிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவர் அவர். ஒருமுறை தோள்மூட்டு விலகியபோதுகூட ஓட்டோவில் தானாக ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் முனகுகிறார் என்றால் அது சாதாரண நோவில்லை என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அதை எப்படி ஒரு வைத்தியருக்குப் புரியவைப்பது என்பதுதான் தெரியவில்லை.

2021 ஆகஸ்ட் கடைசி. 20ஆம் திகதி இரவோடு நாடு முழுக்க ஊரடங்கு போட்டிருந்தார்கள். எங்கள் வீடு திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம். அப்பாவுக்குக் கொரோனா என்று தெரிந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. விரலில் மாட்டிப் பார்க்கும்போது ஒட்சிசன் 95க்குக் கீழே இறங்கவேயில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்து, பனடோல் போட்டு, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்திருந்தோம்.

அன்றிரவு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் தொப்புளைச் சுற்றி நோ தொடங்கியது. இரண்டு தரம் சத்தி, ஒரு தரம் வயிற்றோட்டம். விடிந்ததும் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி ஒரு ஊசியும் குளிசையும் தந்தார்கள். கொரோனா வந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே எடுக்கமாட்டார்களோ என்ற பயம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

பின்னேரம் அவருக்கு உடம்பு முழுக்க வேர்த்தது. 1990 என்ற அவசர நம்பருக்கு எடுத்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதமும் வாங்கவில்லை. அதில் வந்த தம்பியிடம்தான் முதல்தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: கொரோனா வந்து பதின்மூன்று நாள், சீனி வருத்தம் இருக்கு, மெற்போமின் குடிக்கிறார், பிரஷர் குளிசையும் உண்டு. கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

வார்ட்டில் அன்ரிஜன் நெகட்டிவ் என்று வந்ததால் நானும் கூட நிற்க விட்டார்கள். வயிற்று எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்ட் செய்தவர், குடலுக்குள் காற்று நிறைய இருப்பதால் உள்ளே சரியாகத் தெரியவில்லை என்றார். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்காக இருந்தது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, இரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் கூடியிருந்தது. இளம் டொக்டர் ஒருவர், "காலையில திரும்பவும் பாப்பம்" என்று எழுதப்போனார்.

அந்த நேரத்தில்தான் சத்திரசிகிச்சை வைத்தியர் வந்தார். அவர் வயிற்றில் கை வைக்குமுன் அப்பாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஐயாவுக்குக் கொரோனா வந்து எத்தனை நாள், மகள்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோ இவ்வளவு இருக்கு, வயித்தில ஒண்டும் பிடிபடேல்லை. அப்பிடியெண்டா குடலுக்கு ரத்தம் போகுதா எண்டுதான் பாக்கவேணும்."

குடலுக்கு இரத்தம் போகாமல் விடும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய்தான் பெருநாடி. வயிற்றுக்குள் அதன் முன்பக்கமிருந்து மூன்று நாடிகள் பிரிகின்றன. நடுவில் உள்ளதுதான் சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதற்கும் பெருங்குடலின் வலப்பாதிக்கும் இரத்தம் கொடுக்கிறது. அதில் இரத்தக்கட்டி அடைத்தால் குடல் சில மணித்தியாலங்களில் சாகத் தொடங்கும். ஆரம்பத்தில் குடலின் உட்பக்கம்தான் பாதிக்கப்படும், வயிற்றின் உறைக்கு அது இன்னும் எட்டியிருக்காது. அதனால்தான் வெளியே வயிறு மெத்தென்று இருக்கிறது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டால் அநேகமாகப் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

சி.ரி. ஸ்கானுக்கு எழுதினார்கள். சாதாரண ஸ்கான் இல்லை. நரம்பில் அயடீன் மருந்தை ஏற்றி நாடிகளைப் பார்க்கிற ஸ்கான். இங்கேதான் ஒரு மணித்தியாலம் இழுபட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ரிப்போர்ட் வரவில்லை, அந்த மருந்து சிறுநீரகத்துக்குக் கூடாதே என்று இளம் டொக்டர் தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருந்தது, அப்பா சீனி வருத்தக்காரர். பெரிய டொக்டர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "கிட்னியைப் பிறகு பாக்கலாம், குடல் காத்துக்கொண்டு நிக்காது. சேலைன் ஏத்திக்கொண்டு அனுப்புங்கோ." மெற்போமினை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

ஸ்கான் அறை வாசலில் இன்னொரு தடங்கல். அப்பாவின் புறங்கையில் நீலநிறக் கனுலா, அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய், போட்டிருந்தது. அது மெல்லியது. இந்த மருந்தை இயந்திரப் பம்ப் வேகமாகத் தள்ளும். மெல்லிய கனுலாவால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. முழங்கை மடிப்பில் பச்சைநிறக் கனுலா வேண்டுமென்று திருப்பி அனுப்பினார்கள். வயதானவரின் சுருங்கிய நரம்பில் அதைப் போட மிஸ் மூன்று தரம் குத்தவேண்டி வந்தது. வார்ட்டிலேயே இதைக் கேட்டுப் போட்டிருந்தால் இருபது நிமிசம் மிஞ்சியிருக்கும்.

குடிக்க ஏதாவது தருவார்களா என்று கேட்டேன், பக்கத்துக் கட்டில்காரருக்கு ஸ்கானுக்கு முன் போத்தல் போத்தலாக மருந்துத் தண்ணி கொடுத்ததைப் பார்த்திருந்தேன். இதற்குக் கூடாதாம். குடலுக்குள்ளே வெள்ளையாக ஏதும் நிறைந்திருந்தால், குடற்சுவரில் இரத்தம் ஏறுவது படத்தில் மறைந்துவிடும்.

உள்ளே நடந்ததை அப்பா பிறகு சொன்னார். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்தார்கள். மெசினிலிருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது, அவருக்கு விளங்கவில்லை. அங்கிருந்த சிங்களப் பெடியன் வெளியே வந்து, தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டி, "மூச்சு இழு, பிடி, விடு" என்று தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறான். முதலில் மருந்தில்லாமல் ஒரு தரம். பிறகு மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு ஓடியதாம், வாயில் இரும்பு ருசி, சலம் போய்விட்டது போல ஒரு உணர்வு. அரை நிமிசத்தில் நாடிகளுக்கு ஒரு படம், ஒரு நிமிசம் கழிந்த கையோடு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளங்களுக்கும் குடற்சுவருக்கும் இன்னொரு படம். மொத்தம் பத்து நிமிசம்கூட இல்லை. வெளியே விறாந்தையில் நின்ற எனக்கு அது முடியவேயில்லை. அம்மா வீட்டிலிருந்து போனில் பத்திரகாளி அம்பாளுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தா.

படத்தைத் திரையில் எனக்கும் காட்டினார்கள். நான் கேட்டேன், மறுக்கவில்லை. பெருநாடி வெள்ளைத் தூணாக நின்றது. அதிலிருந்து நடு நாடி வெள்ளையாகக் கீழே இறங்கி, கொஞ்சத் தூரத்தில் வெட்டினமாதிரி நின்றுவிட்டது. அதற்கப்பால் சாம்பல் நிறம். அதுதான் இரத்தக்கட்டி. இடப்பக்கக் குடல் வளையங்களின் சுவர் மினுங்கியது. வலப்பக்கம் கீழே ஒரு கூட்டம் மங்கலாக, கடதாசி மாதிரி மெல்லியதாக, ஒரு மினுக்கமும் இல்லாமல் கிடந்தது. "சுவருக்குள்ள காத்துக் குமிழி இல்லை, ஈரலுக்குப் போற நாளத்திலயும் காத்து இல்லை. அது நல்லது" என்றார் கதிரியக்க வைத்தியர். படத்தின் மேல் நுனியில் நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் விழுந்திருந்தது. அங்கே பனிமூட்டம் மாதிரி வெண்திட்டுகள். "இது கொரோனா விட்டுப்போன அடையாளம்" என்று விரல் வைத்துக் காட்டினார். நாங்கள் முடிந்துவிட்டதென்று நினைத்த வருத்தம் அந்த ஒரே படத்தில் மேலேயும் கீழேயும் இருந்தது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை அப்போதே தொடங்கி, அன்றிரவே வயிற்றைத் திறந்தார்கள். கட்டியை எடுத்து, கறுத்துப்போன இரண்டடிக் குடலை வெட்டினார்கள். இரண்டாம் நாள் திரும்பத் திறந்து மிச்சக் குடல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

வந்தபின் தேடி வாசித்தேன். வைரஸ் பற்றிக்கொள்கிற ஏ.சி.ஈ.2 என்ற புரதம் நுரையீரலில் மட்டுமில்லை, சிறுகுடலின் உட்பக்கத்திலும் நிறைய இருக்கிறதாம். இரத்தக் குழாயின் உட்சுவர் புண்பட்டு இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. 2020இல் பொஸ்ரன் மசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 412 கொரோனா நோயாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அவர்களுக்கு எடுத்த 42 வயிற்று சி.ரி. படங்களில் 13இல் குடற்சுவரில் மாற்றம் இருந்ததாம். குடற்சுவருக்குள் காற்றுப் போன மோசமான நிலை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களிடம்தான் காணப்பட்டது. அப்பா ஒட்சிசன்கூட வைக்காத ஆள். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்று இப்போது விளங்குகிறது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசையை ஆறு மாதம் குடித்தார். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும், கீரை கூடிக் குறைந்தால் அதுவும் மாறும் என்பதால், வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்றில்லாமல் அம்மா அளந்து சமைத்தா.

2022 மார்ச்சில், மின்வெட்டு நடந்த நாட்களில், மறுபடி அதே ஸ்கானுக்குக் கூப்பிட்டார்கள். கனுலா போட வந்த மிஸ் தட்டத்தில் நீலத்தை எடுத்தா. அப்பா சேர்ட் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி நீட்டினார். "பச்சை போடுங்கோ மிஸ். நாடி பாக்கிற ஸ்கான்."