இரண்டு ஹொனோராக்கள்

அயர்லாந்தின் லாங்ஃபோர்ட் கவுண்டியில் எட்ஜ்வர்த்ஸ்டவுன் என்னும் ஊருக்கே பெயர் தந்த எட்ஜ்வர்த் நிலக்கிழார் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்கத் தொடங்கியபோது, அச்சிட்ட தொகுப்புகள் இருப்பதால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தொகுப்புகள் நிலம் போன வழியைப் பின்பற்றி மூத்த மகன்களை விரிவாகச் சொல்லிவிட்டு, மகள்களை ஒரு வரியில் அடக்கிவிடுகின்றன. ரிச்சர்ட் லவல் எட்ஜ்வர்த் (1744–1817) நான்கு முறை மணந்து 22 குழந்தைகளுக்குத் தந்தையானவர். நாவலாசிரியை மரியா முதல் மனைவியின் மகள். இத்தகைய வீட்டில் எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பதே பெரிய கேள்வி.

உயில்களையும் திருச்சபைப் பதிவேடுகளையும் தேடலாம் என்றால், 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது அவற்றில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. 1708 முதல் இயங்கும் பத்திரப் பதிவகம் வேறிடத்தில் இருந்ததால் தப்பியது. நிலக்கிழார்களின் திருமண ஒப்பந்தங்கள் அங்கே பதிவாகியிருக்கும். ஆனால் பெயரட்டவணை சொத்தை எழுதிக் கொடுத்தவர் பெயரில்தான் இருக்கிறது, வாங்கியவர் பெயரில் இல்லை. அதிலும் 1832 வரை சொத்து எந்த ஊரில் என்பதைக்கூட அட்டவணை சொல்லாது. ஆகவே ஒரு மகளைத் தேட வேண்டுமானால் தந்தை, சகோதரர்கள் பெயர்களின் கீழ் கனத்த கையெழுத்து ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். தோள் வலிக்கும் வேலை அது.

நான் சறுக்கியது ஹொனோரா என்ற பெயரில். இரண்டாம் மனைவி ஹொனோரா ஸ்னெய்டுக்கு 1774 இல் அதே பெயரில் ஒரு மகள் பிறந்தாள். காற்றின் வேகத்தை அளவிட முறை வகுத்த கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1838 இல் ஒரு ஹொனோரா எட்ஜ்வர்த்தை மணந்தார். போஃபர்ட்டும் 1774 இல் பிறந்தவர் என்பதால் இருவரையும் தயங்காமல் இணைத்து எழுதிவிட்டேன். பிறகுதான் இரண்டாம் மனைவியின் மகளான அந்த ஹொனோரா 1790 இலேயே இறந்துவிட்டாள் என்பது தெரிந்தது.

அப்படியானால் மணமகள் யார்? போஃபர்ட் நான்காம் மனைவி பிரான்சஸின் தம்பி. எனவே மணமகள் அவருடைய அக்காள் மகளாக இருக்க வேண்டும் என முடிவு செய்தேன்; தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் உறுத்தல் எதுவும் தோன்றவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் மணத்தடைப் பட்டியலில் உடன்பிறந்தாள் மகள் இடம்பெற்றிருப்பதைப் படித்த பின்பே என் கணக்கு பொய் என விளங்கியது. மூன்றாம் மனைவி எலிசபெத் ஸ்னெய்டு, தன் அக்காள் மகள் இறந்த பின் பிறந்த தன் மகளுக்கு அதே பெயரை வைத்திருந்தார். போஃபர்ட்டுடன் இரத்த உறவு ஏதுமில்லாத அந்த ஹொனோராவே மணமகள்.

முழுத்தாளையும் அழித்து மறுபடி வரைந்தேன். இம்முறை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் அருகில் தந்தையின் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயரையே எழுதினேன்.